ஓவியம் கற்பவருக்குத் தேவை திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியம் கற்க ஆசை, எங்கே தொடங்குவது, எதைப் படிப்பது என்ற கேள்விகள் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பதிலாக ஒரு பட்டியல் வரும்: சில புத்தகங்கள், சில வீடியோக்கள், சில பயிற்சி வகுப்புகள். பட்டியலில் தவறு ஒன்றும் இருக்காது. ஆனால் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர் மறுநாள் காலையில் தாளின் முன் உட்கார்ந்து என்ன செய்வார் என்பதை அந்தப் பதில் சொல்வதில்லை. பெரும்பாலும் அவர் பட்டியலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டே போவார்.

ஓவியம் கற்பதில் இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் திருத்தத்துக்கு. வீடியோவில் வரைபவரின் கையை நாம் பார்க்கிறோம், நம் தாளை அவர் பார்ப்பதில்லை. கோப்பையின் வாய் அகலம் கூடிவிட்டது என்று சொல்ல ஆளில்லாமல் நூறு கோப்பை வரைந்தால், அந்தத் தவறு நூறு முறை கையில் ஏறும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லி ஊக்கப்படுத்துகிறோம். சரியானது பழகுகிற அதே கைக்குத்தான் பிசகும் பழகுகிறது. எனவே வழிகாட்டி தேடுபவர் எந்தப் புத்தகம், எந்த ஆசிரியர், எந்தக் காணொளி என்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் தாளில் உள்ள பிழையை இது எனக்குக் காட்டுமா?

பழந்தமிழில் ஓவியருக்குக் கண்ணுள் வினைஞர் என்று ஒரு பெயர் உண்டு. தொழில் கையில் நடந்தாலும் பெயர் கண்ணைச் சொல்கிறது. வண்ணம் ஏறாத கோட்டுச் சித்திரத்துக்குப் புனையா ஓவியம் என்று தனிச்சொல்லே இருந்தது. கற்பவர் முதலில் நிற்க வேண்டிய இடமும் அந்தப் புனையா ஓவியம்தான். பலரும் அதைத் தாண்டிக் குதித்து வண்ணப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்பி, 2பி, 6பி என மூன்று பென்சில், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர் ஒன்று, ஒரு கத்தி, 40க்கு 50 செ.மீ. அளவில் ஒரு பலகை, இரண்டு கிளிப், 120 முதல் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமுள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது சற்றுச் சொரசொரப்பான வரைதாள். இவ்வளவு போதும், ஆறு மாதம் ஓடும். வழவழப்பான அச்சுத்தாளில் பென்சில் வழுக்கும், அடர் நிழல் ஏறாது. அதைக் கற்பவர் தன் கைக்குறை என்று நினைத்துக்கொள்வார். பென்சிலைத் துருவியில் போடாமல் கத்தியால் சீவி, முனைக்கரி ஒன்று ஒன்றரை செ.மீ. வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டால் கூர்முனையால் கோடும், படுத்த பக்கத்தால் நிழலும் ஒரே பென்சிலில் வரும்.

முதல் பிழை பென்சில் தாளைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. தாளை மேசை மேல் தட்டையாகப் போட்டுக் குனிந்து வரைந்தால், தாளின் மேல்பாதி கண்ணுக்கு அதிகத் தொலைவிலும் அதிகச் சாய்விலும் இருக்கும். அந்தப் பகுதி சுருங்கித் தெரியும். சுருக்கத்தை ஈடுகட்டக் கை தன்னை அறியாமல் அதை நீட்டி வரையும். முடித்ததும் தாளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் முகத்துக்கு நெற்றி நீண்டிருக்கும், குடுவைக்குக் கழுத்து நீண்டிருக்கும். பலகையின் கீழ் விளிம்பை மடியிலும் மேல் விளிம்பை ஒரு நாற்காலியின் முதுகிலும் சாய்த்து, பார்வை தாளின் நடுவில் நேர்குத்தாக விழும்படி வைத்தால் இந்தப் பிழை அன்றைக்கே நின்றுவிடும். எத்தனையோ பேர் இதை அறியாமல் முகத்தின் விகிதாசாரப் பாடங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்து அந்தக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். கைப்பிடி இல்லாத, நேர்ச்சுவர் கொண்ட வெள்ளைக் கோப்பை. உயரம் 10 செ.மீ., வாய் அகலம் 8 செ.மீ. வரைபவர் 90 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறார், அவர் கண் கோப்பையின் விளிம்பைவிட 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது வாயின் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் அகலம் 8 என்றால் முன்பின் ஆழம் ஏறத்தாழ 2தான், அதாவது கால் பங்கு. புதியவர் வரைந்ததை அளந்து பாருங்கள், 4 இருக்கும். வாய் வட்டம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் கை வரைந்துவிட்டது, கண்டதை வரையவில்லை. அடிப்பகுதியில் இதே பிழை தலைகீழாக நடக்கும். கோப்பை தட்டையான மேசைமேல் நிற்கிறது என்று தெரிவதால் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். உண்மையில் அடிவட்டம் கண்மட்டத்துக்கு இன்னும் 10 செ.மீ. கீழே இருப்பதால் அது வாயைவிட அதிகம் திறந்து தெரியும். முழு வட்டமும் தெரிந்தால் அதன் ஆழம் ஏறத்தாழ 3 இருக்கும். ஆக மேல்வளைவைவிடக் கீழ்வளைவு கூடுதலாகத் தொங்க வேண்டும். நீள்வட்டத்தின் இரண்டு முனைகளையும் கண்ணின் ஓரம்போலக் கூராக முடிப்பது மூன்றாவது பிழை. அங்கேயும் வளைவு உண்டு, கோணம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்க அடிவளைவையும் மெல்லிய கோட்டில் முழுதாக வரைந்து, பிறகு அழித்தால் முன்வளைவு தானே சரியாக அமையும்.

இந்த ஒரு கோப்பையை ஒருவர் திருத்தமாக வரைந்துவிட்டால் குடம், தூண், கழுத்து, மணிக்கட்டு, மரக்கிளை எல்லாமே அதன் உறவுகள்தான்.

பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வழிகள் பழமையானவை, செலவில்லாதவை. பென்சிலைக் கண்ணுக்கு முன் நீட்டிப் பிடித்துப் பொருளை அளப்பது எல்லோரும் கேள்விப்பட்டதுதான், ஆனால் செய்யும் முறையில் மூன்று ஓட்டைகள் இருக்கும். முழங்கையை மடக்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு தடவையும் மாறும், அளவும் மாறும். ஆகவே கையை முழுதாக நீட்டிப் பூட்டிவிட வேண்டும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் பென்சில் இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூட வேண்டும், அதுவும் எப்போதும் அதே கண்ணை. மூன்றாவது, பின்னோக்கிச் சாய்ந்து செல்லும் விளிம்பை அளக்கும்போது பென்சிலும் பொருளோடு சேர்ந்து சாய்ந்துவிடும். கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருப்பதாகவும், பென்சில் அதன்மேல் ஒட்டியே நகர்வதாகவும் நினைத்துக்கொண்டால் இது நடக்காது. அளவைத் தாளுக்கு அப்படியே மாற்றவும் கூடாது. அகலத்தை ஒன்று என்று வைத்து உயரம் எத்தனை ஒன்று என்று விகிதம் பார்ப்பதுதான் பயன். பொருளின் உயரத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையாத தூரத்தில் உட்கார வேண்டும். நெருங்கி உட்கார்ந்தால் மேலே பார்க்க ஒருமுறையும் கீழே பார்க்க ஒருமுறையும் தலை அசையும், ஒரே படத்தில் இரண்டு பார்வைகள் கலந்துவிடும்.

அந்தக் கண்ணாடித் தகட்டை நிஜமாகவே வைத்தும் சோதிக்கலாம். வரைந்து முடித்த பிறகு, புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியைப் பொருளுக்கு முன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், அழியும் மார்க்கரால் வெளிக்கோட்டைக் கண்ணாடிமேல் பின்தொடர வேண்டும். தாளில் இருப்பதையும் கண்ணாடியில் இருப்பதையும் பக்கத்தில் வைத்தால் அளவு வேறாக இருக்கும், விகிதம் ஒத்திருக்க வேண்டும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அதுதான் உங்கள் பாடம். வேறு எந்தப் புத்தகமும் உங்களுக்கென்று எழுதித் தராத பாடம். முதலிலேயே கண்ணாடியில் வரைந்து அதைப் பிரதி எடுத்தால் மட்டும் பயனில்லை, கண் வேலை செய்யாது.

கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் இன்னொரு ஆசிரியர். நூலில் ஒரு சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டு, நிற்கும் உருவத்தின் கழுத்துக்குழிக்கு நேர்கீழே எந்தக் கால் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் உருவம் விழுவதுபோல் தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பார்த்தால், பழகிப்போய் மறைந்திருந்த சாய்வு சட்டென்று தெரியும். ஒன்றுமே கையில் இல்லையென்றால் படத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள், அல்லது ஒரு நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சின்ன உத்திகள் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். வின்சென்ட் வான்கோ 1880-இல், தன் 27-ஆம் வயதில்தான் ஓவியர் ஆவது என்று முடிவெடுத்தார். அப்போது அவர் உட்கார்ந்து பிரதி எடுத்தது சார்லஸ் பார்க் தயாரித்த வரைபடப் பாடத்தை. ஜெரோம் என்ற ஓவியரின் துணையோடு 1866-க்கும் 1871-க்கும் இடையில் பாரிசில் வெளிவந்த அந்தத் தொகுப்பில் 197 தாள்கள் உண்டு. சுண்ணச் சிற்பங்கள் 70, முன்னோடிகளின் வரைபடங்கள் 67, மனித உருவங்கள் 60. 1882-இல் வான்கோ பெர்ஸ்பெக்டிவ் சட்டம் ஒன்று, அதாவது தொலைவுக்கேற்பப் பொருள் சுருங்கித் தெரிவதைச் சரியாகப் பிடிக்க உதவும் சட்டம், செய்துகொண்டார். மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகவும் மூலைக்கு மூலையாகவும் இழைகளைக் கட்டி, அதை வெட்டவெளியில் நிறுத்தி, அதன் வழியே பார்த்து வரைந்தார். தம்பிக்கு எழுதிய கடிதங்களில் அதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அந்தக் கடிதங்கள் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடும், உள்ளே அவர் போட்ட சிறுபடங்களோடும் 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவர் எப்படித் தட்டுத்தடுமாறிக் கற்றார் என்பதை நாள்வாரியாகக் காட்டும் இதற்கு இணையான இன்னொன்றைச் சொல்வது கடினம்.

பார்க் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் முதல் பகுதியில் பல தாள்களில் முடிந்த படத்துக்குப் பக்கத்திலேயே அதன் எலும்புக்கூடு போன்ற நேர்கோட்டு அமைப்பும் இருக்கும். வளைவுகளை முதலில் நேர்கோடுகளாக உடைத்து, நிழலின் எல்லையை ஒரே கோட்டில் அடைத்து, பிறகுதான் நிழல் போட வேண்டும் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அது காட்டிவிடுகிறது. ஒரு தாளை அதே அளவில் பிரதி எடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து ஒப்பிட்டால் பிழை மில்லிமீட்டரில் தெரியும். ஒரு தாளுக்குப் பத்து மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஐந்து தாள் போதும். 197-ஐயும் முடித்துவிட்டுத்தான் உயிருள்ள பொருளை வரைவேன் என்று கிளம்புவது அச்சிட்ட படத்துக்கு மட்டும் கண்ணைப் பழக்கிவிடும். இந்த நூலின் மறுபதிப்பு கிடைக்காதவர்கள் 1913-இல் வெளிவந்த ஹரால்ட் ஸ்பீடின் வரைகலை நூலைப் பார்க்கலாம். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது. கோட்டால் வரைவதையும் நிழல் திரளால் வரைவதையும் அவர் பிரித்துச் சொல்லும் அத்தியாயங்கள் மட்டுமே பல மாதங்களுக்கான வேலை.

பிரதி எடுக்க நல்ல மூலப்படம் வேண்டும். தேடுபொறியில் அகப்படும் மங்கலான, நிறம் திரிந்த படத்தை வைத்துக்கொண்டு ரெம்பிராண்டைக் கற்க முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களைத் திறந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும், வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடமும் இதே வழியில் முன்பே நடந்தவை. இந்தத் தளங்களில் தேடும்போது ஓவியரின் பெயரோடு ‘டிராயிங்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும். முடிந்த ஓவியத்தைவிட அதற்கு முன் போட்ட ஆயத்த வரைபடத்தில்தான் கோட்டைத் திருத்திய தடம் தெரியும். ஒரு தோளை மூன்று தடவை மாற்றிப் போட்டிருப்பார்கள், அழிக்காமல் விட்டிருப்பார்கள். கற்பவருக்கு அந்த மூன்று கோடுகளும் வேண்டும். ‘ஓப்பன் ஆக்சஸ்’ அல்லது ‘சிசி சைபர்’ (CC0) என்ற குறி உள்ள படத்தை அச்சிடலாம், வகுப்பில் கொடுக்கலாம், பிரதி எடுத்து விற்கவும் செய்யலாம். எல்லா அருங்காட்சியகங்களும் இப்படி இல்லை, சில இடங்களில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. குறியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதை முதல் ஆண்டில் தள்ளிவைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேமரா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது, நிழலுக்குள் இருக்கும் மெல்லிய வேறுபாடுகளைக் கறுப்பாக அடைத்துவிடுகிறது. கைபேசியை முகத்துக்கு நெருக்கமாக வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கியிருக்கும். நேரில் பார்த்து வரையத் தெரிந்தவருக்கு இவை படத்தில் எங்கே பொய் சொல்கின்றன என்று தெரியும். தெரியாதவர் பொய்யையும் சேர்த்தே கற்பார்.

நிழலுக்கு வருவோம். ஒரே ஒரு விளக்கு, மற்றதெல்லாம் அணைக்கப்பட்ட அறை, வெள்ளையடித்த ஒரு பந்து. விளக்கு மேலே இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்வாக இருக்கட்டும். இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு நிழல் விழும், உருவம் உடைந்துபோகும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பந்து இரண்டு குடும்பமாகப் பிரியும்: வெளிச்சம் படும் பக்கம், படாத பக்கம். இந்த எல்லையை முதலில் போட்டு, படாத பக்கம் முழுவதையும் ஒரே நடுத்தரச் சாம்பலால் நிரப்பிவிட வேண்டும். இதற்குப் பென்சிலைவிடக் கரி மேல், ஏனென்றால் பென்சிலின் அடர்கறுப்பு பளபளத்து வெளிறும். பலரும் தடுக்கி விழுவது நிழல்பக்கத்தின் ஓரத்தில் மேசையிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியில்தான். சுற்றியிருக்கும் இருட்டால் அது கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும், அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார்கள், பந்து தகரம்போல மின்னும். ஒரு சாம்பல் அட்டையில் 5 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே திரும்பும் ஒளியைப் பாருங்கள், பிறகு வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைப் பாருங்கள். முதலாவது பெரும்பாலும் இரண்டாவதைவிட இருட்டாகவே இருக்கும். கீழே விழும் நிழலின் ஓரம் பந்தை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும் விலக விலக மங்கலாகவும் இருக்கும். அதை ஒரே கத்திக்கோடாகப் போட்டால் நிழல் மேசையில் படுக்காமல் ஒட்டிவைத்த காகிதம்போல் தெரியும். விரலால் தேய்த்து மென்மையாக்குவது வேண்டாம். தோலின் எண்ணெய் தாளில் இறங்கி, அதன்மேல் அடுத்த பூச்சு திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

உடற்கூறும், இரண்டு மூன்று மறைபுள்ளி (இணைகோடுகள் தொலைவில் சேர்வதுபோல் தெரியும் புள்ளி) வைத்த பெர்ஸ்பெக்டிவ் கணக்கும் இந்தக் கட்டத்துக்குப் பிறகு போதும். முதல் நாளே எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர்களின் படங்களில் தசைகள் எல்லாம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இனி ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது. சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டு மணி நேர வகுப்பில் இருபது பேர் இருந்தால் ஒருவருக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமாவது கிடைக்கிறதா, ஆசிரியர் மாணவரின் இருக்கையில் உட்கார்ந்து, மாணவரின் கண்மட்டத்திலிருந்து பொருளைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நின்றுகொண்டே மேலிருந்து பார்த்துச் சொல்லும் திருத்தம் வேறொரு கோணத்துக்கான திருத்தம். நல்ல ஆசிரியர் தாளின் ஓரத்தில் சின்னதாக வரைந்து காட்டுவார், மாணவரின் கோட்டின்மேல் தன் கோட்டை ஏற்ற மாட்டார். கண்காட்சிக்கு முன் மாணவரின் படத்தை ஆசிரியரே முடித்துக்கொடுக்கும் இடங்கள் உண்டு. பெற்றோர் மகிழ்வார்கள், பிள்ளை ஒன்றும் கற்றிருக்காது. அடையாளம் கண்டுகொள்வது எளிது: எல்லா மாணவர்களின் படங்களிலும் ஒரே கை தெரியும். ஒரே மாணவரின் முதல் மாத வேலையையும் பன்னிரண்டாம் மாத வேலையையும் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்த வகுப்பின் மதிப்பு. சான்றிதழ்களையும் பரிசுக் கோப்பைகளையும் பார்க்க வேண்டியதில்லை.

நேரில் ஆசிரியர் கிடைக்காதவர்கள் தெரிந்தவர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். கேட்கும் விதத்தில்தான் பதிலின் பயன் இருக்கிறது. ‘எப்படி இருக்கிறது?’ என்றால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். தாளைச் சுவரில் நேராக ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து, இரண்டடி பின்வாங்கி ஜூம் செய்து எடுங்கள். நெருங்கி எடுத்தால் தாளின் ஓரங்கள் வளைந்து, இல்லாத பிழை தெரியும். வரைந்து முடித்த பின் உங்கள் கண் இருந்த அதே இடத்திலிருந்து பொருளையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள், அது இல்லாமல் எதிராளி எதோடு ஒப்பிடுவார்? கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: ‘வாயின் நீள்வட்டம் அதிகம் திறந்திருக்கிறதா?’, ‘நிழல்பக்கம் முழுவதும் ஒரே குடும்பமாக இருக்கிறதா?’ வேலைப்பளு உள்ள ஓவியர்கூட இப்படிப்பட்ட கேள்விக்கு இரண்டு வரி எழுதுவார். எவ்வளவு நேரத்தில் வரைந்தீர்கள், கண்ணுக்கும் பொருளுக்கும் தூரம் எவ்வளவு என்பதையும் குறிப்பிட்டால் பதில் இன்னும் துல்லியமாக வரும்.

வண்ணத்துக்கு வரும்போது 24 நிறப் பெட்டியை வாங்காதீர்கள். டியூபின் பின்பக்கத்தில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும், அதைப் படிக்கக் கற்பதே முதல் பாடம். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், பி.டபிள்யூ.6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.பி.ஆர்.7 என்றால் சியன்னா, அம்பர் வகை மண்நிறம். பெயரை நம்ப முடியாது, ஒரே பெயரை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு கலவைக்கு வைப்பார்கள். ‘ஹ்யூ’ என்ற சொல் பெயரோடு ஒட்டியிருந்தால், அது அந்த நிறத்தைப்போலத் தோன்றும்படி வேறு நிறமியால் செய்தது. ஒரே டியூபில் மூன்று குறியீடு இருந்தால் அதை இன்னொன்றோடு கலக்கும்போது நான்கைந்து நிறமிகள் சேர்கின்றன. சேறுபோல நிறம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கற்பவரின் கையல்ல.

முதலில் எரித்த சியன்னா, அல்ட்ராமரைன், வெள்ளை மூன்றை மட்டும் வைத்து ஒரு மாதம் வேலை செய்யுங்கள். முதலிரண்டும் சேர்ந்தால் கறுப்புக்கு நெருங்கிய அடர்நிறம் வரும், வெள்ளை சேர்த்தால் வெதுவெதுப்பான சாம்பலும் குளிர்ந்த சாம்பலும் வரும். நிழல்-ஒளிப் பாடம் அப்படியே வண்ணத்துக்குள் நடந்துவரும். பிறகு மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பில் எச்சரிக்கை: பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர்.83, மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போகும். அதன் இடத்தில் பி.வி.19 குறியீடுள்ளதை எடுக்கலாம். சந்தேகமான நிறத்தைத் தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தால் விடை தெரிந்துவிடும்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் வேண்டும். 200க்குக் கீழே போனால் தாள் அலையலையாக எழும்பி, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகை பட்டால் நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பூப்பூவாய் விளிம்பு கட்டும். முழு ஈரத்தில் தொடுங்கள், அல்லது முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். எண்ணெய் வண்ணத்தில் கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து விறைக்கும், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு விழும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் உரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், பயிற்சிக் காணொளிகள் பலவும் இதைச் சொல்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் உலர்கிறது, அப்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். துணியை வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீருக்குள் போடுங்கள்.

இனி உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஓவியம் ஒன்றை அச்சிடும்போது கீழே ஓவியரின் பெயரும் தலைப்பும் மட்டும் வருகின்றன. அதோடு ஊடகம், ஆண்டு, செ.மீ.யில் அளவு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். வெர்மீரின் லேஸ் பின்னும் பெண் சுமார் 24க்கு 21 செ.மீ., ஒரு நோட்டுப்புத்தக அளவுதான். ரெம்பிராண்டின் இரவுக்காவல் ஏறத்தாழ 380க்கு 454 செ.மீ., ஒரு சுவர். பத்திரிகையில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் ஒரே அளவில் வருகின்றன. தூரிகை எவ்வளவு பெரியது, கை எவ்வளவு அசைந்திருக்கும், எவ்வளவு தள்ளிநின்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இடம் இருந்தால் வாரம் ஒரு வரைபடம், வண்ணம் இல்லாமல், கால் பக்கத்துக்குக் குறையாமல் அச்சிடுங்கள். திறந்த உரிமத்தில் இருப்பவற்றைத் தேர்ந்தால் உங்களுக்குச் செலவில்லை. அச்சு மை கறுப்பாக இருந்தால் போதும், அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து ஒருவர் தன் பிரதியைத் தானே சரிபார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்